நெஞ்சுக்குள் இருக்கும் சாட்சி

குழந்தைத் துணி மடித்துக்கொண்டே எழுதுகிறேன். ஒரு துணிக்கு ஒரு வரி. வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் போன வருஷம் ஆபீசில் சுருண்டு விழுந்தார். இதயம் தாளம் தப்பி வெறுமனே துடிதுடித்ததாம். சுவரில் தொங்கிய ஷாக் பெட்டியை எடுத்து நெஞ்சில் ரெண்டு அட்டை ஒட்டினார்கள். அதுவே பார்த்து, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, பட்டனை அழுத்தச் சொன்னது. ஒரே ஷாக். இதயம் வழிக்கு வந்தது. நல்லா இருக்கட்டும் அந்தப் பெட்டி.

அப்புறம் ரெண்டு மாசம், அதே வேலையைச் செய்யும் ஒரு பனியனைப் போட்டிருந்தார். குளிக்க மட்டும் கழற்றலாம். அதன் பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிப் பெட்டியைத் தோளுக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். அதிலிருந்து இதயத்துக்கு ஒரு கம்பி. எந்நேரமும் காவல். தாளம் தப்பினால் உள்ளேயிருந்தே ஷாக்.

அவருக்குக் காவல் வந்தது. எனக்கு வம்பு வந்தது.

"இந்த வாளியைக் கொஞ்சம் தூக்குங்க."

"பெட்டி இருக்கு."

"குழந்தையையாவது பிடிங்க."

"அது அழுதா எனக்குப் படபடக்கும். பெட்டி அடிச்சிரும்."

அஞ்சாவதோடு நின்ற படிப்பைத் தொடர, சாயங்கால வகுப்பில் பேர் கொடுத்திருந்தேன். வாரம் மூணு நாள், ஒரு மணி நேரம் குழந்தையை அவர் பார்த்தால் போதும்.

"நீ வகுப்புக்குப் போனா நான் மேல போயிருவேன்" என்றார்.

அதோடு விடவில்லை. நான் குரல் உயர்த்திய நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்தார். என் குரல் எப்படி இருக்கும் என்றே பக்கத்து வீட்டில் தெரியாது. நோட்டு மட்டும் பாதி நிறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பெட்டியைச் சோதிக்கும் பெண், அவர் நெஞ்சின் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்தாள். கம்ப்யூட்டரில் கோடுகள் ஓடின. இவர் நோட்டை நீட்டினார்.

"பாருங்கம்மா, இவ திட்டத் திட்ட என் இதயம் என்ன பாடு படுதுன்னு. தேதி, மணி எல்லாம் இருக்கு."

"நல்லதாப் போச்சு சார். அளவுக்கு மீறி வேகமாத் துடிச்ச நேரத்தைப் பெட்டியும் குறிச்சு வச்சிருக்கும்." பார்த்தாள். "உங்க நோட்டுல இருக்கற ஒரு நேரம்கூட இதுல இல்லையே."

"நல்லாப் பாருங்க."

"அக்கா திட்டும்போது நிம்மதியாத்தான் இருந்திருக்கீங்க. ஆனா நாலு ஞாயிறா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு நிமிஷத்துக்கு நூத்தி அறுபது துடிப்பு. அப்ப என்ன சார் பண்ணுவீங்க?"

ஞாயிறு அஞ்சு மணி. நண்பர் வீட்டு அமைதியில் படுத்து ஓய்வெடுப்பதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போகும் நேரம்.

அவர் கூரையைப் பார்த்தார். கூரை ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சும்மா... பசங்களோட ஒரு பந்து..."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விளையாடுங்க சார்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நான், ஒன்றே ஒன்று கேட்டேன்.

"குழந்தையைத் தூக்கலாமா?"

"கம்பி பிடிக்கிற வரைக்கும் ஆறு வாரம்தான் கட்டுப்பாடு. அது முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சேக்கா. ஒண்ணென்ன, ரெண்டைத் தூக்கலாம்."

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் "துரோகி" என்றார். என்னையா என்று பார்த்தேன். சட்டைக்குள் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு வகுப்பில் முதல் நாள். குழந்தை அவர் தோளில். பால் குடித்தாயிற்று, அழாது. அவரும் அழாமல் இருந்துவிட்டால் நாலு மணிக்கெல்லாம் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். இதோ, கூப்பிடுகிறார். சட்டை நனைந்துவிட்டதாம். குழந்தை நனைத்ததா, அவர் கண்ணீரா என்று போய்ப் பார்க்கிறேன்.