பெரிய பெட்டி மட்டும் பேசுகிறது

பாகூர்,
14-9-1987

அன்பு மகன் தணிகைவேலுக்கு, உன் அப்பா கனகராஜ் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் கறவை மாடும் சௌக்கியம். துபாயில் வெயில் கொஞ்சமாவது குறைந்ததா?

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். சோரியாங்குப்பத்து முத்துசாமி லீவில் வந்த மறுநாளே, நீ கொடுத்தனுப்பிய சாமான்களைத் தவளக்குப்பம் முனையில் என்னிடம் ஒப்படைத்தான். ஆம்ப்ளிஃபயர், டேப் டெக், சின்ன ஸ்பீக்கர் பெட்டி ரெண்டு, ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டுகிற கிராஸ் ஓவர் என்ற டப்பா எல்லாவற்றையும் பஸ்ஸில் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, சோற்றுத் தட்டு அகலம் இருந்த சப் ஊஃபர் என்ற பெரிய ஸ்பீக்கரை மட்டும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அதன் முதுகில் அவ்வளவு பெரிய காந்தம் இருக்கும் என்று நீ ஒரு வரி எழுதவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள், பட்டறையில் புதிதாகப் பல் வெட்டிய கருக்கரிவாளைப் பையில் வைத்திருந்தாள். பஸ் ஒரு குலுக்கு குலுக்கியது. அரிவாள் பையோடு வந்து என் மடியில் ஒட்டிக்கொண்டது. நான் ஒரு பக்கம் இழுக்க, அவள் ஒரு பக்கம் இழுக்க, "இன்னாய்யா பெரியவரே, அருவாள வுடமாட்டியா?" என்று அவள் கேட்க, கண்டக்டர் விசில் ஊதி வண்டியையே நிறுத்திவிட்டார். அப்புறம் பாகூர் வரைக்கும் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

உன் அம்மாவுக்கு இந்தச் சாமானெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கூட வந்த கேசட்டில் நீ பேசியிருக்கிறாய். மார்கழியோடு காண்ட்ராக்ட் முடிகிறது, தை மாதம் வந்துவிடுகிறேன் என்று அதில் சொல்லியிருப்பாய். அதைக் காதால் கேட்டால் போதும் அவளுக்கு.

நீ வைத்த குறிப்பில் முதல் நாலு வரி படித்ததுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, மடித்து வைத்துவிட்டேன். பெரிய ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யத் தச்சரிடம் போனேன். காற்றுப் போக ஓட்டை வேண்டும் என்றேன். ஓட்டை வைத்தால் எலி குடியேறும் என்று அவர் அதற்குத் தாழ்ப்பாளோடு ஒரு கதவும் போட்டுக் கொடுத்தார். சின்னப் பெட்டிகள் ரெண்டையும் உன் அம்மா பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல், நீ போன தடவை அனுப்பிய கண்ணாடிக் கிளாசுகளோடு அலமாரியில் வைத்துவிட்டாள். ஃபாரின் சாமான், கை பட்டால் கெட்டுப்போகுமாம். நானும், பெரியவன் ஒருத்தன் இருக்கையில் பொடிசுகள் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கிராஸ் ஓவர் டப்பாவின் குமிழை நீ சொன்னபடி எண்பதில் வைத்து கேசட்டைப் போட்டேன். தம்... தம்ம்... தம். நாலு வீடு தள்ளி யாரோ மாவு இடிப்பதுபோல இருந்தது. அலமாரியில் கிளாசுகள் ஆடின, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. உன் அம்மா பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "புள்ளைக்கு மாருல சளி கட்டிக்கிச்சிங்க, இப்பிடி இருமுறானே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அது இருமல் இல்லை, பேச்சு என்றேன். "பேச்சுன்னா அம்மான்னு ஒரு வார்த்த வராதா?" என்றாள். எண்பதுக்கே இந்தச் சத்தம் என்றால் நூற்றிருபதுக்கு வார்த்தை வரும் என்று திருகினேன். பியூஸ் போனதுதான் மிச்சம். முத்துசாமி திரும்பி வரும்போது மிளகும் சித்தரத்தையும் உனக்கு வரும். மறுக்காமல் வாங்கிக்கொள்.

கடைசியில் தவளக்குப்பத்து மைக் செட் ஜெகநாதனை வரவழைத்தேன். அவன் மீட்டர் வைத்துப் பார்த்தான். பெரிய ஸ்பீக்கர் நாலு ஓம், ஆம்ப்ளிஃபயர் எட்டு ஓம், இந்த கிராஸ் ஓவர் அதற்கு மேட்ச் ஆகாது, துபாயிலிருந்து வேறு வந்தால்தான் உண்டு என்று உன் அம்மாவிடமே விளக்கிச் சொல்லிவிட்டான். பக்கத்து வீட்டு அம்மணி, "எங்க வூட்டு டூ இன் ஒன் டேப்புல போட்டுப் பாக்கலாமே" என்று ரெண்டு தடவை வந்து கூப்பிட்டாள். என் மகன் பேச்சைத் தெருவே கேட்க வேண்டுமா என்று நான் விடவில்லை. அதிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது, ரசம் இல்லாமல்.

ஆகவே, ஒத்துப்போகிற கிராஸ் ஓவர் ஒன்றை அடுத்து வருகிறவர் கையில் கொடுத்தனுப்பவும். தை மாதத்துக்கு என்று உன் அறைக்கு அம்மா இப்போதே சுண்ணாம்பு அடித்துவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
அப்பா கனகராஜ்,
அம்மா சுலோசனா

பின் குறிப்பு: மேலே உள்ளதை வரிக்கு வரி படிக்கும்படி சைகை காட்டி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள். இதைத் தபாலாபீஸ் பெஞ்சில் வைத்து எழுதுகிறேன். கிராஸ் ஓவர் எதுவும் அனுப்பாதே. நீ அனுப்பியதே ஆம்ப்ளிஃபயருக்கு நல்ல பொருத்தம். ஜெகநாதன் வந்தபோது அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். "பேச்சு சின்னப் பெட்டியிலதான் வரும் மாமா, அத்தப் போயி அலமாரில வெச்சிட்டியே" என்று சிரித்துக்கொண்டே பியூஸைப் போட்டு, பெட்டிகளை எடுத்து மாட்டினான். ஐந்தே நிமிஷம். எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தாய். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்கிறாய். அவள் வருவதற்குள் நானே ஒயரைப் பிடுங்கி, பெட்டிகளுக்கு உறையை மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஓம் கீம் என்று ஏதாவது சொல்லடா என்று ஜெகநாதனிடம் கெஞ்சினேன். அவன் அதை நன்றாகவே சொன்னான்.

அவளுக்குப் பதமாக நீயே வேறொரு கேசட் பேசி அனுப்பு. அது வந்ததும் சின்னப் பெட்டிகளை மாட்டுகிறேன்.

சைக்கிளில் ஏறும்போது ஜெகநாதன், "பேசாம வரச் சொல்லி எழுதேன் மாமா" என்றான். சம்பாதிக்கிற வயசு, இருக்கட்டும்பா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கும் நீ வந்துவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.