தொட்டால் சுடக் கூடாது

ஆள்கிறவனுக்கு மட்டும் குளிராத நாடு ஒன்று மலைமேல் இருந்தது. பெயர் குளிராபுரி. அரண்மனை வெந்நீர்க் குளத்துக்கு விறகு வெட்டி வெட்டி மலை மொட்டையாயிற்று, மழையும் நின்றது. மந்திரி சபை மூன்று நாள் கூடித் தின்றுவிட்டு, குற்றவாளியைக் கண்டுபிடித்தது: வீட்டு அடுப்பு.

வீடுதோறும் சூட்டை மிச்சம் பிடித்தால் மேகம் தானே திரும்பும் என்று முரசறைந்தார்கள். அதற்கென்று தொட்டறியும் துறை வந்தது. அதிகாரி வீடு புகுந்து தொட்டுப் பார்ப்பார். முதலில் விளக்கு சுடக் கூடாது. பிறகு அடுப்பு. அப்போதும் மழை இல்லை. “குடிகளின் ஒத்துழைப்பு போதாது” என்று சோற்றுப் பானைக்கும் தடை போட்டார்கள்.

சடையாண்டிக்கு மேகம் எங்கே போனால் என்ன? மார்ச்சளியில் கிடந்த மனைவி மாயக்காவுக்கு ஒரு வாய் சுடுகஞ்சி வேண்டும். மறைவாக மூன்று கல் கூட்டிக் காய்ச்சினார். கலயத்தை அவள் போர்வைக்குள் ஒளிப்பதற்குள் அதிகாரியின் கை உள்ளே வந்துவிட்டது.

“என்ன பெருசு, சுடுதே?”

“அவ உடம்பு சாமி. காய்ச்சல்.” அதிகாரி அவள் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார்.

“காய்ச்சலும் சூடுதான்யா. உடம்புக்குன்னு சட்டத்துல விலக்கு இருக்கா?”

கஞ்சி வாசலில் கொட்டப்பட்டது. சூட்டைப் பதுக்கும் பொருள் என்று போர்வையும் பறிபோனது.

மாயக்கா சிரித்தாள். “விடுங்க. அந்தாளு கை என்னா கதகதப்பு! அதுவாச்சும் நெத்தியில பட்டுச்சே.”

மூன்றாம் நாள் அதிகாரி வந்தபோது அடுப்பில் பூனை படுத்திருந்தது. மாயக்காவின் நெற்றியைத் தொட்டார். சில்லென்று இருந்தது. முகம் மலர்ந்து எழுதினார்: ‘முன்மாதிரி இல்லம். முதல் பரிசு.’

பரிசளிப்பு அரண்மனையில். சிம்மாசனத்தின் அடியில் கங்கு கனன்றது. மன்னர் கை கொடுத்தார். சுட்ட கிழங்கு மாதிரி இருந்தது கை. சடையாண்டி அதை விடவில்லை. பிடித்தபடியே அதிகாரியைக் கூப்பிட்டார்.

“ஐயா, ஓடியாங்க! இங்க ஒரு வீடு சுடுது. எங்க வீட்டுல தொட்ட மாதிரியே தொட்டு எழுதுங்க.”

அதிகாரி வந்தார். சிம்மாசனத்தின் வெண்கலக் காலில் விரலை அழுத்தி வைத்தார்.

“பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு, மகாராஜா.”

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. கொப்புளம் எழுந்த விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார் அதிகாரி.