முதல் இடம் யாருக்கு?

"தாக்குதலுக்கு இரண்டாம் இடமா? நான் உயிரோட இருக்கும்போதா?"

பிரிகேடியர் துர்க்கி வரைவைத் தூக்கி எறிந்தார். மேஜர் அவாத் அதைக் குனிந்து பொறுக்கி, மடங்கிய நுனியை நீவி, பைக்குள் வைத்துக்கொண்டார். இது பதினோராவது வரைவு. எறிய எறியப் பொறுக்கிப் பொறுக்கி இடுப்புவலி வந்ததுதான் மிச்சம்.

படையின் போர்நெறிக் கையேட்டைத் திருத்தி எழுதும் பிரிவில் அவாத் ஆறு வருஷமாக இருக்கிறார். ஒன்பது நெறிகளும் எழுதி முடிந்துவிட்டன. 'விரைவு' என்ற நெறியை எழுத மட்டும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. இப்போது பாக்கி, ஒன்பதில் எது முதலில் வருவது என்பதுதான். துர்க்கிக்குத் தாக்குதல். எதிர் அறையில், மீசைக்கு மை பூசிய பிரிகேடியர் நவ்வாஃபுக்குப் பாதுகாப்பு. இருவரும் கையெழுத்துப் போட்டால் புத்தகம் அச்சுக்குப் போகும், அவாத் ஓய்வு பெற்று வடக்கு மலையிலுள்ள தன் ஆலிவ் தோட்டத்துக்குப் போகலாம். வியாழக்கிழமைக்குள் போடாவிட்டால் ஓய்வு மனு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். ஊர் வழக்கப்படி, மகன் ஸக்ரின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

"காய் கறுக்க ஆரம்பிச்சிருச்சு, அபு ஸக்ர். இந்த வருஷமாவது வருவீங்களா? இல்ல, போன வருஷம் மாதிரி என் தம்பியே பறிச்சு, பாதி எண்ணெயை அவனே கொண்டுபோகட்டுமா?"

"வந்துருவேன்."

"ஆறு வருஷமா இதையேதான் சொல்றீங்க. நிஜமாவே சண்டை போட்டிருந்தாக்கூட இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

திங்கட்கிழமை, அவாத் இரண்டு நெறிகளையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் போட்டார். நவ்வாஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வலப்பக்கம் துர்க்கியோடது. அரபியை நாம எந்தப் பக்கத்துலேர்ந்து வாசிக்கிறோம், மேஜர்?"

"வலப்பக்கத்துலேர்ந்து, ஐயா."

"அப்போ முதல்ல வர்றது யாரு?"

செவ்வாய்க்கிழமை, ஒன்பதையும் வட்டமாக எழுதினார். வட்டத்துக்கு முதல் ஏது, முடிவு ஏது? துர்க்கி வட்டத்தின் உச்சியில் விரலை வைத்தார். "உச்சியில பாதுகாப்பு உக்காந்திருக்கே!" தாளைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். நவ்வாஃப் மறுபடி திருப்பினார். மாலைவரை அந்தத் தாளோடு அவாத்தும் சுற்றினார்.

அதற்குமேல் அவருக்குப் பொறுமை இல்லை. புத்தகத்தில் இல்லாத வழிக்கு இறங்கினார். அன்றிரவே தாய்மாமனையும் இரண்டு வெள்ளைத்தாடிப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு துர்க்கியின் வீட்டுக்கு ஜாஹா என்னும் சமரசத் தூது போனார். காப்பி வந்தது. யாரும் குடிக்கவில்லை. மூன்று பெரியவர்களும் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்கள்.

"கேட்டு வந்தது கிடைக்காம குடிக்கமாட்டோம்," என்றார் தாய்மாமன். "முதல் இடத்தை நவ்வாஃபுக்கு விட்டுக்கொடு."

துர்க்கி உள்ளே போய் யாரிடமோ ஐந்து நிமிஷம் போனில் பேசிவிட்டு வந்தார். வாசலேறி வந்தவர்களின் காப்பி ஆறிப்போனால் குடும்பத்துக்கே அவமானம் அல்லவா?

"குடிங்க, பெரியவரே. கொடுத்துட்டேன்!"

அவாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இந்த மனுஷனைப் போய்த் திட்டினோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

புதன்கிழமை காலை நவ்வாஃபிடம் ஓடினார்.

"விட்டுக்கொடுத்தானா? எனக்கா?" நவ்வாஃப் எழுந்தே நின்றுவிட்டார். "பெருந்தன்மையில அவன் என்னை ஜெயிக்கறதா? நடக்காது. தாக்குதலுக்குத்தான் முதல் இடம். எழுது!"

எதிர் அறைக்கு ஓடினால், துர்க்கி கையை விரித்தார். "கொடுத்ததைத் திரும்ப வாங்கற பழக்கம் எங்க வம்சத்துலயே இல்ல, மேஜர்."

நேற்றுவரை முதல் இடத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். இன்று அதற்கு நாதியில்லை. நடைக்கூடத்தில் அவாத் எத்தனை நடை நடந்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம், கடைசி முயற்சியாக, ஒன்பதாவதாகக் கிடந்த 'ஒத்துழைப்பை' எடுத்து முதலில் வைத்தார். அதற்காக இதுவரை யாரும் சண்டை போட்டதில்லை. இரண்டு பிரிகேடியர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துத் தாளை நீட்டினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒத்துழைப்பா?" என்றார் துர்க்கி.

"அவசரப்படக்கூடாது. இதை ஆராய ஒரு குழு போடணும்," என்றார் நவ்வாஃப்.

"போடணும்," என்றார் துர்க்கி.

ஆறு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். அலுவலகம் மூடும் மணி அடித்தது.

அவாத் நடைக்கூடத்து நாற்காலியில் சரிந்தார். இந்த வருஷமும் எண்ணெயில் பாதி மைத்துனனுக்குத்தான். மனைவிக்குப் போன் செய்யத் தைரியம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இருபது வருஷமாக அங்கே காப்பி ஊற்றும் கிழட்டுச் சிப்பாய் ஹுலைல், ஒரு கிண்ணம் ஊற்றி நீட்டினார்.

"தோத்துட்டேன், ஹுலைல். ரெண்டு எதிரிங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டவன் எங்கயாவது ஜெயிச்சிருக்கானா?"

ஹுலைல் இரண்டு அறைக் கதவுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"எதிரிங்களா? வெள்ளிக்கிழமை தவறாம ஒரே தட்டுல மன்சஃப் கறிச்சோறு சாப்பிடறவங்க, ஐயா. இந்தப் புத்தகம் முடியற வரைக்கும்தானே ரெண்டு பேருக்கும் பணி நீட்டிப்பு!"