இளவரசி லாரஸ் சாகவேண்டிய விதம்

ஞாயிறுதோறும் நாளிதழில் எழுதும் தன் பத்தியின் கடைசி வரி தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்த ஹர்தோனோ, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எழுதும்போது அது சாதாரண வரியாகத்தான் இருந்தது.

"மேடையில் இளவரசி லாரஸ் ஒரு சொல்கூடப் பேசாமல் சாகிறாள். அதுதான் மூலம். இதை நிரூபிக்க முடியாவிட்டால் இந்தப் பத்தியை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்."

"யாருங்க இதை இவ்வளவு பெருசாப் போட்டது?" என்று மனைவி வுர்யானி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஆசிரியர்தான். வேற யாரு?"

"இருபத்தாறு வருஷமா அவர் காத்துக்கிட்டிருந்த வரி போல."

சோலோ நகரின் வணிக வளாகத் திரையரங்கில் லாரஸ் கதை புதிய படமாக மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. லாரஸின் கணவனைக் கொன்ற அமைச்சன் கடைசிக் காட்சியில் அவள் காலில் விழுகிறான். படத்தில் லாரஸ் நான்கு நிமிடம் பேசுகிறாள், அவனை மன்னிக்கிறாள், குதிரையேறிப் போய்விடுகிறாள். ஹர்தோனோவுக்குப் பாதியிலேயே எழுந்து வரத் தோன்றியது. பதினோரு வயதில் அவர் பார்த்த கெதோப்ராக் என்ற ஜாவா நாட்டுப்புற நாடகத்தில் லாரஸ் பேச வாய்திறந்தாள், நிறுத்தினாள், அப்படியே சரிந்தாள். வாத்தியங்கள் அடங்கின. திரை இறங்கியது. அந்த மௌனத்தைப் பற்றி அவர் இதுவரை ஏழு கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அதே கதையை மறுபடி மேடையில் பார்த்ததில்லை. பார்த்தால் கெட்டுவிடுமோ என்ற பயம்.

மதியமே படத்தின் இயக்குநர் கினாந்தி தொலைபேசியில் வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். பெரியவர்களை 'பாக்' என்று விளிக்கும் மரியாதை குரலில் சொட்டியது.

"பாக் ஹர்தோனோ, வணக்கம். உங்க பத்தியப் படிச்சேன். மூலம் மூலம்னு சொல்றீங்களே, அதோட பிரதி எங்க இருக்கு? காட்டுனீங்கன்னா சபையிலயே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"தாராளமாக் காட்டறேன்."

"அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனி, கலைமன்றத்துல கூட்டம் போட்டுடலாமா? உங்க ஆசிரியர் சரின்னுட்டாரு."

ஹர்தோனோ தேடிப் போனபோது கெதோப்ராக் குழுத் தலைவர் மார்சுகி, மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் படுத்திருந்தார். பிரதி என்றதும் சுவரைக் கைகாட்டினார். ஆணியில் ஒற்றைத்தாள் ஒன்று தொங்கியது. எந்தக் காட்சியில் யார் வரவேண்டும் என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. கடைசி வரி: லாரஸ் - முடிவு.

"முடிவுன்னா என்ன முடிவு?"

"முடிவுதான் பாக். அதுக்கப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவோம்."

"வசனம்?"

"அது நடிகருங்க வாயில இருக்கு. நாங்க என்னிக்குப் பாக் எழுதி வெச்சு நடிச்சோம்?"

ஹர்தோனோ அசரவில்லை. எழுத்தில் இல்லாவிட்டால் என்ன, கண்ணெதிரே நடத்திக் காட்டிவிடலாம். புதன்கிழமை மாலை லாரஸ் நாடகம் இருக்கிறது என்று மார்சுகி சொன்னார். அன்று ஹர்தோனோ கினாந்தியை அழைத்து முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

முதல் காட்சியில் கொல்லப்படவேண்டிய கணவனுக்கு லேசான காயம்தான் பட்டது. நான்காவது காட்சியில் அவன் கட்டுப்போட்டுக்கொண்டு நடந்து வந்தான். கடைசியில் அவன், லாரஸ், அமைச்சர் மூவரும் கைகோத்து வாழ்த்துப் பாடினார்கள்.

கினாந்தி குறிப்பேட்டைத் திறந்தாள். "கணவர் பிழைச்சுக்கறாரு. இது மூலத்துல உண்டா பாக்?"

ஹர்தோனோ மேடைக்குப் பின்னால் ஓடினார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கல்யாண வீட்டுக்காரங்க கூப்பிட்ட ஆட்டம் பாக்," என்றார் மார்சுகி. "பொண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி மேடையில யாராவது செத்தா எங்கள அடிக்க வருவாங்க. கதையில பலி கொடுக்கற சேவலக்கூட இன்னைக்குக் கொல்லல, கவனிச்சீங்களா?"

"யாரும் கூப்பிடாத ஆட்டம் எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு எத்தனை பேர் வேணும்னாலும் சாகலாம்."

இம்முறை எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது என்று ஹர்தோனோ தீர்மானித்தார். லாரஸாக நடிக்கும் ரெத்னோவைப் பார்த்து, எப்படிச் சரியவேண்டும் என்று அவரே இரண்டு தடவை தரையில் சரிந்து காட்டினார். இரண்டாவது தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் உற்சாகம் குறையாதிருக்க, சனிக்கிழமை இதழில் ஒரு சிறு குறிப்பும் எழுதினார்: "ரெத்னோவின் மௌன மரணத்தைக் காணத் தவறாதீர்கள்."

குறிப்பில் அமைச்சராக நடிக்கும் டார்மினின் பெயர் இல்லை. டார்மின் அந்த வேடத்தில் முப்பது ஆண்டுகளாக நிற்பவர்.

ஞாயிறன்று அரங்கு நிறைந்தது. கடைசிக் காட்சியில் அமைச்சர் காலில் விழுந்தார். ரெத்னோ வாய்திறந்தாள், நிறுத்தினாள், கண்கள் சொருகின. ஹர்தோனோ நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"இருங்க தேவி!" என்று கத்தினார் டார்மின். "பாவம் செஞ்சவன் நான். நான் இருக்கறப்ப நீங்க முந்தக்கூடாது!"

குறுவாளை உருவிக் குத்திக்கொண்டார். குத்திக்கொண்ட பிறகு இருபது நிமிடம் பேசினார். தன் பிறப்பு, தாயின் கண்ணீர், மந்திரி வேலையின் சிரமங்கள் எல்லாம் வந்தன. ரெத்னோ சாய்ந்தும் சாயாமலும் நின்று கால் மரத்துப்போய், கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டாள். கோமாளி வந்து டார்மினின் காலைப் பிடித்து இழுத்தபோது, பிணம் எழுந்து, "இன்னும் ஒரு பாட்டு இருக்குடா!" என்றது. கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது.

பக்கத்து நாற்காலியில் கினாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததில் வந்த கண்ணீர். "இது தெரிஞ்சிருந்தா படத்துல சேர்த்திருப்பேன் பாக்."

வீட்டில் வுர்யானி இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டார்.

"பேசாம படமும் நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டுப் போங்களேன். நான் ரெண்டு தடவையும் அழுதேன்."

"ரெண்டு தடவையா? என்கூட ஒரு தடவைதானே வந்த?"

"இன்னைக்கு நீங்க ஆட்டத்துக்குப் போனீங்கள்ல, அப்ப போயிட்டு வந்தேன்."

ஹர்தோனோ குப்புறப் படுத்தபடியே யோசித்தார். பத்தி போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் யார்? இடுப்பு வலிக்காரர், அவ்வளவுதான். பிரதி இல்லை, இப்போதைய மேடையை நம்ப முடியாது. ஆனால் ஒரு சாட்சி இருக்கவேண்டும். ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மேடையில் சரிந்த லாரஸ் யார்?

மூன்று நாள் விசாரித்ததில் பெயர் கிடைத்தது: சுமிரா. பக்கத்து ஊரான கிளாத்தெனில் மகளுடன் இருக்கிறார். தொலைபேசியை மகள்தான் எடுத்தாள்.

"அம்மாவுக்கு ஞாபகமெல்லாம் இருக்குங்களா?"

"ஞாபகம்தாங்க தொல்லையே. காலைலேருந்து ராஜா காலத்து வசனம். கூட்டிட்டுப் போங்க, எனக்கும் ஒரு நாள் ஓய்வு. இல்ல, நானும் வந்துடறேன், தனியா விட்டா மைக்கை விடமாட்டாங்க."

அந்த நாடகத்தைப் பற்றிச் சுமிராவிடம் இப்போதே கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஹர்தோனோ அதை அடக்கிக்கொண்டார். சாட்சியைத் தயார்செய்து கூட்டிவந்தான் என்று நாளை யாரும் சொல்லக்கூடாது.

சனிக்கிழமை கலைமன்றத்தில் இருநூறு பேர். ஆசிரியர் முதல் வரிசையில், காலி இடத்துக்கு வேறு பத்தி தயாராக வைத்திருப்பவரின் நிம்மதியோடு உட்கார்ந்திருந்தார். ஹர்தோனோ மேடையையும் படத்தையும் ஒப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். படம் விளக்குகிறது, மேடை உணர்த்துகிறது என்றார். மன்னிப்பதற்கும் தண்டிப்பதற்கும் நடுவே மொழியே செத்துப்போகும் இடம்தான் லாரஸின் மௌனம் என்றார். பிறகு சுமிராவை மேடைக்கு அழைத்தார். எழுபத்தைந்து வயது, பச்சைப் பட்டு மேலாடை, நிமிர்ந்த நடை. அம்மா என்ற மரியாதையோடு 'இபு' என்று விளித்துத் தொடங்கினார்.

"இபு, அன்னைக்கு நீங்க பேச வாயெடுத்தீங்க. சட்டுன்னு நிறுத்திட்டீங்க. ஒரு சொல் இல்லாம சரிஞ்சீங்க. நடந்ததுதானே?"

"நடந்தது."

அரங்கில் சலசலப்பு.

"வாத்தியமெல்லாம் அப்படியே நின்னுபோச்சு."

"ஆமா. அத்தனை பேரும் வாசிக்கறத விட்டுட்டாங்க. எனக்கு நல்லா ஞாபகமிருக்கு."

கினாந்தி எழுந்தாள். கைகூப்பித் தலைவணங்கினாள். "என்னை மன்னிச்சுடுங்க பாக். நான் தோத்துட்டேன்." கைத்தட்டல் வெகுநேரம் நீடித்தது. வுர்யானிகூடத் தட்டினார். ஆசிரியர் மெதுவாகத் தட்டினார்.

ஹர்தோனோவின் கண்கள் கலங்கின. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டாவது கட்டுரை அவர் மனதில் அப்போதே தொடங்கிவிட்டிருந்தது. ஒலிவாங்கியை மீண்டும் சுமிராவிடம் நீட்டினார்.

"கடைசியா ஒண்ணு இபு. அவ்வளவு பெரிய மௌனம், அது உங்க யோசனையா, குரு சொல்லிக்கொடுத்ததா?"

சுமிரா முன்வரிசையில் இருந்த தன் மகளைக் காட்டினார்.

"எல்லாம் இவ பண்ண வேலை தம்பி. அப்ப இவ வயித்துல மூணு மாசம், தலை சுத்தி மயங்கி விழுந்துட்டேன். மத்த நாளெல்லாம் நல்லாப் பேசி, அமைச்சரை மன்னிச்சு, இந்த டைரக்டர் பொண்ணு படத்துல வர்ற மாதிரியே குதிரையேறித்தான் போனேன்."