ஆரஞ்சு முகமூடி போட்ட மணப்பெண்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய யூவேஜென் அத்தைக்கு,

அண்ணன் மகள் வான்சிங் தலைவணங்கி எழுதுவது. சிங்தாவ் நகரைப் பார்த்துவிட்டு மூவரும் பத்திரமாக ஷான்ஸிக்குத் திரும்பிவிட்டோம். தெற்கே நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்றும், ஆஸ்பத்திரியில் இரவு வேலை குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே அனைவரும் சௌக்கியம், அப்பாவின் நாக்கைத் தவிர. அதற்கான காரணம் கீழே வரும்.

முதலில் நன்றி. ரயில் சீட்டு, கடலோர அறை, ஜெர்மன்காரர்கள் கட்டிய தேவாலயத்தின் முன்னால் அப்பா அம்மாவுக்குக் கல்யாணப் படம் எடுக்க ஸ்டூடியோ ஏற்பாடு, எல்லாமே உங்கள் சம்பளத்தில். ஏன் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கல்யாணத்தன்று சிறுமியாக இருந்த நீங்கள், இத்தனை பேர் எப்படி உள்ளே போய் உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பதற்காகக் கேமராவின் முதுகைத் திறந்தீர்கள். வெளிச்சம் பட்டு பிலிம் சுருள் முழுவதும் வெளுத்துப்போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கொழுக்கட்டை மடிக்கும்போது, "எனக்குக் கல்யாணம் ஆனதுக்கு ஒரு சாட்சியும் இல்ல, எல்லாம் நம்ம நாத்தனார் புண்ணியம்" என்று அம்மா சொல்லாமல் விட்டதில்லை. போன இரண்டு புத்தாண்டுக்கும் நீங்கள் வரவில்லை. வேலை அதிகம் என்றீர்கள். அப்பா நம்பினார். நான் நம்பவில்லை. அதனால்தான், "ஒரே ஒரு நல்ல படம் எடுக்க வெச்சிடு கண்ணு, அப்புறம் அண்ணி முகத்தத் தைரியமாப் பார்ப்பேன்" என்று தொலைபேசியில் நீங்கள் சொன்னதும் உயிரைக் கொடுத்தாவது முடிப்பதாக வாக்குக் கொடுத்தேன். உயிர் பத்திரமாக இருக்கிறது. வாக்குதான் போய்விட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடலோரத்துக்காரர்களுக்கு வினிகர் என்றால் என்னவென்றே தெரியாது என்று அம்மா வீட்டிலிருந்தே நம் ஊர்க் கறுப்பு வினிகர் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். ரயிலில் அதன் கழுத்து உடைந்ததும் அதைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள். அந்த ஊரிலோ பீரையும் பிளாஸ்டிக் பையில்தான் எடை போட்டுத் தருகிறார்கள், ஓர் உறிஞ்சுகுழாயும் சேர்த்து. அப்பா அதைப் பார்த்துவிட்டு, தான் தவறான ஊரில் பிறந்துவிட்டதாக வருத்தப்பட்டு, கறுப்பு பீர் ஒரு பை வாங்கிக்கொண்டார். இரண்டு பைகளும் ஒரே நிறத்தில் எங்கள் மூட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை. சிவப்பு ஓட்டுக் கூரைகளைப் பற்றிப் படித்ததை எல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "மழைக்கு ஒழுகுமா ஒழுகாதா, அத மட்டும் சொல்லு" என்றார். அது புத்தகத்தில் இல்லை.

பிறகு கடற்கரை. அங்கே வயதான பெண்கள் வெயிலுக்குப் பயந்து, கண் மூக்கு வாய்க்கு மட்டும் ஓட்டை வைத்த துணி முகமூடியைத் தலையோடு இழுத்துப் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறார்கள். அம்மாவும் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வாங்கினாள். அத்தை, குளத்தில்கூடக் கணுக்காலுக்கு மேல் நனைக்காத அம்மா, முகம் மறைந்ததும் ஓடிப்போய்க் கடலில் விழுந்தாள். ஒவ்வொரு அலைக்கும் கத்தினாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. வேறெதுவும் நடக்காமல் இருந்திருந்தாலும் இதற்காக மட்டுமே உங்களுக்கு நூறு முறை நன்றி சொல்வேன். ஆனால் அதற்குப்பின் அவள் முகமூடியைக் கழற்றவேயில்லை. கறுத்துவிடுவாளாம்.

தேவாலயத்து முற்றத்தில் மணப்பெண்கள் வரிசையாக, வெள்ளை கவுனுக்கு அடியில் ரப்பர் செருப்போடு, தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். அம்மாவுக்குக் கொடுத்த கவுன் இரண்டு அம்மாக்களுக்குப் போதும். முதுகில் துணி கிளிப்புகளைப் போட்டு இறுக்கினார்கள். படம் எடுக்க வந்த ஹாவ் என்ற இளைஞர் கெஞ்சிப் பார்த்தார்.

"அக்கா, அந்த முகமூடியக் கழட்டுங்கக்கா. பேங்க்ல கொள்ளையடிச்சுட்டு நேரா கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. இந்தப் படம் நல்லா வந்துட்டா, அப்புறம் என் நாத்தனாரச் சொல்லிக்காட்ட எங்கிட்ட என்ன மிஞ்சும்?"

வாடகைக் கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்த அப்பா, "வான்சிங் அம்மா, அவ பாவம்டி" என்று மட்டும் சொன்னார்.

கடல்காற்றில் கவுன் கொடி மாதிரி படபடத்ததால், என்னை அம்மாவின் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். எனவே, அதற்கு மேல் நான் பார்த்ததெல்லாம் கிளிப்புகள் மட்டுமே. அப்பா தாகம் தாங்காமல் மூட்டையிலிருந்து பையை எடுத்துக் குழாயைச் செருகி ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார். எருமைக்கன்று மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வினிகர். அடுத்த நொடி அம்மாவின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்து என் தலையில் விழுந்தன. இத்தனை வருடம் கழித்து ஒரு படம் எடுக்கும் நேரத்திலும் புருஷன் பீரைத் தேடினால் எந்தப் பெண்ணுக்குத்தான் அழுகை வராது? "அழாதம்மா" என்றேன். குலுங்கல் இன்னும் கூடியது. திரும்பும் ரயிலிலும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவ்வப்போது குலுங்கினாள். எனக்குப் பேசத் தைரியம் வரவில்லை.

இத்துடன் வைத்திருக்கும் படத்தில் அப்பா இருக்கிறார், தேவாலயத்தின் இரண்டு கோபுரங்களும் இருக்கின்றன, நடுவில் ஓர் ஆரஞ்சு முகமூடி இருக்கிறது. நீங்கள் கொடுத்த பொறுப்பைக் கெடுத்த என்னை மன்னியுங்கள். அம்மாவின் கோபம் இனி ஆறாது என்றே நினைக்கிறேன்.

வேளாவேளைக்குச் சூடான சோறும், நின்று வேலை பார்க்கும் உங்கள் கால்களுக்கு ஓய்வும் கிடைக்கட்டும்.

பணிவுடன்,
வான்சிங்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தபால்தலை ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிய அம்மா, நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டாள். பிறகு உள்ளே போய், மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு படத்தைக் கொண்டுவந்து உறையில் போட்டாள். ஹாவ் அவளுக்கென்று தனியாகக் கொடுத்ததாம். அதில் அப்பா கண்ணை இறுக மூடி நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய, கண்ணில் நீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் அந்த முதுகு அழவில்லை, அத்தை. அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள்: "படம் வந்துடுச்சுன்னு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அவகிட்டச் சொல்லு. புத்தாண்டுக்கு வந்து எப்பவும் போலத் தலையக் குனிஞ்சு உட்காரட்டும். அவ இல்லாம ரெண்டு வருஷமா நான் யாரத் திட்டிக்கிட்டுக் கொழுக்கட்ட மடிக்கிறது?"