ஊருக்குத் தண்ணீர் வந்தது எனக்குத் தெரியுமா

கீழ்வேளூர்,
ஆனி 14

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா கோவிந்தராசு எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். விடுதிச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துப்போகிறது என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால் கடிதம்.

லீவுக்கு வந்தபோது நீ விட்டுச் சென்ற தத்துவ நோட்டைப் படித்தேன். ஒன்றை நம்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், நம்புவதற்குத் தக்க காரணமும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அறிவு என்று எழுதியிருக்கிறாய். சரிதான் என்று மூடி வைத்தேன். வினை அதற்குப் பிறகுதான்.

போன திங்கட்கிழமை காலை நம் வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. மேட்டூர் அணை திறந்து பன்னிரண்டு நாள், தண்ணீர் இங்கே வந்து சேர அவ்வளவு ஆகும், ஆகவே நாளும் பொருந்தியது. வீட்டுக்கு ஓடிவந்து, "ஆத்துத் தண்ணி ஊருக்கு வந்துடுச்சு" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் உன் அம்மா. "கண்ணால பாத்தேன்" என்று சொல்லி அறுபது கிலோ விதைநெல்லை அளந்து ஊறப்போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. காலையில் ஓடியது பக்கத்து வயல் வைரக்கண்ணுவின் பம்புசெட் தண்ணீராம், வரப்பை உடைத்துக்கொண்டு வந்ததாம், அவர் அடைத்துவிட்டாராம். ஊறிய விதையைத் திரும்ப மூட்டை கட்டவா முடியும்? இரண்டு நாளில் முளை விட்டுவிட்டது. நாற்றங்காலோ புழுதியாகக் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா பதற்றமே இல்லாமல் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கல்மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மனசு கேட்காமல் நம் ஊர் மதகு வரை நடந்தேன். ஷட்டருக்கு அந்தப் பக்கம் முழங்கால் அளவுக்கு ஆற்றுத் தண்ணீர் நிற்கிறது. மதகு பார்க்கும் லஸ்கர், "திங்கக்கிழமை விடியக்காலையே ஊருக்கு வந்துடுச்சுங்க. ஷட்டர் மக்கர், இன்னிக்குத்தான் சரி பண்ணினோம்" என்றபடி திறந்துவிட்டார். மறுநாளே சேறடித்து விதை விட்டாயிற்று.

ஆக, திங்கட்கிழமை நான் சொன்னதை நம்பித்தான் சொன்னேன். அது உண்மையும்கூட. காரணமும் இருந்தது, கண்ணால் பார்த்தேன். ஆனால் பார்த்தது வைரக்கண்ணுவின் தண்ணீரை. "குருட்டாம்போக்குல சரியாப் போச்சு" என்கிறாள் உன் அம்மா. அன்றைக்கு எனக்குத் தெரியுமா, தெரியாதா? லஸ்கரைத் தவிர ஊரில் வேறு யாருக்குமே தெரியாது என்பதையும் எடுத்துச் சொல்லி, உன் பேராசிரியரிடம் கேட்டு எனக்குச் சாதகமாக எழுதவும். இந்த வீட்டில் நான் தலைநிமிர்ந்து சாப்பிட வேண்டும்.

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரிந்த பிள்ளையாக நீ நெடுங்காலம் வாழ ஆசீர்வாதம்.

அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நீங்க விதையை அளக்கறப்பவே லஸ்கருக்குப் போன் போட்டுட்டேன். தண்ணி வந்துடுச்சு, ஷட்டர் ரெண்டு நாள்ல சரியாயிடும்னார். இல்லன்னா ஊறப்போட விட்டிருப்பேனா?" என்கிறாள். அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களே" என்றாள். பேராசிரியரிடம் எதுவும் கேட்க வேண்டாம்.