வெள்ளைக் கோட்டுக்கு நடுவே ஒரு கோழி

சமைக்கத் தெரிந்தவர்கள் ஒரு ரகம். தெரியாதவர்கள் ஒரு ரகம். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது. அடுப்பைத் தவிர வீட்டில் சூடாகிற எதைப் பார்த்தாலும் அதில் எதையாவது வேக வைக்காவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் பிடிக்காது. பெரும்பாலும் ஆண்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அடுப்பங்கரையில் அடுப்பு ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்; இவர்கள் அயர்ன் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் ரொட்டி சுடுவார்கள், டீ போடுகிற கெட்டிலில் முட்டை அவிப்பார்கள், தலை காய வைக்கிற மெஷினைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வெங்காயம் வதக்கி, அரை வேக்காட்டில் அதை உங்கள் வாய்க்கு நேரே நீட்டி, "எப்படி?" என்பார்கள். நன்றாக இல்லை என்று சொல்லித்தான் பாருங்களேன். உங்கள் நாக்குதான் சரியில்லை.

அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டவள் ஒருத்தி. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு ஓய்வு கிடையாது. வீட்டிலேயே பெரிய வாஷிங் மெஷின் போட்டு, தெருமுனைப் பல் டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு துவைத்துக் கொடுக்கிறாள். அந்த வேலைக்காக மூன்று மாதம் நடையாய் நடந்தவள். ஒரே ஒரு கறை தெரிந்தாலும் மறுநாளே லாண்டரிக் கடைக்கு மாற்றிவிடுவேன் என்று டாக்டர் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

அன்றைக்கு ஆறு கோட்டு, நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வெந்நீரில் ஓடவிட்டு, காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனாள். மனுஷர் மெஷின் முன்னால் வந்து நின்றார். ஒரு மணி நேரம் வெந்நீர் கொதிக்கிறது, வெறும் துணிக்காகவா? அவர் வயிறு எரிந்தது. மஞ்சளும் உப்பும் தடவி ஊற வைத்த கோழியை எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மூன்று முடிச்சுப் போட்டு, மூடியைத் திறந்து கோட்டுகளுக்கு நடுவே இறக்கிவிட்டார். முப்பது வருஷம் மனுஷர்களை அந்தரத்தில் தொங்கவிட்டவர்; ஒருத்தரும் விழவில்லை. ஒரு கோழி விழுந்துவிடுமா?

விழுந்தது.

மஞ்சள் சோப்பைக் கண்டால் சிவந்து போகும். துணி துவைத்த எந்தக் கைக்கும் இது தெரியும். துவைக்காத கைக்கு எப்படித் தெரியும்? அவள் இறங்கி வந்து மூடியைத் திறந்தபோது, ஆறு கோட்டும் ஆறு கொலையில் சிக்கியது போலக் கிடந்தன. ஒரு கோட்டின் பாக்கெட்டில் கோழிக்கால். அதை அவர் எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"முடிச்சு நல்லாத்தான் போட்டேன். பைதான் மட்டம்."

வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுக்கும், ஆனால் இரண்டு நாளாகும். இருந்தது முக்கால் மணி நேரம். அவள் அழவில்லை. கோட்டுகளைப் பிழிந்து வாளியில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"நடங்க. வாயைத் தெறந்து நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்."

வாளியைப் பார்த்ததும், பல் பிடுங்கக் காத்திருந்த ஒருவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். டாக்டர் ஒரு கோட்டைத் தூக்கிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். நம்மவர் வெட்கமில்லாமல் வெந்நீர் வீணாவதிலிருந்து ஆரம்பித்து மூன்றாவது முடிச்சு வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை போயிற்று, லாண்டரிக் கடைக்காரன் பல்லை இளிப்பது கூட அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை டிகிரில வச்சீங்க?"

"தொண்ணூறு."

"பத்தாதுங்க. எலும்புகிட்ட வேகாது."

மூலையில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார். பல் பிடுங்குகிற சாமான்களை நீராவியில் சுத்தம் பண்ணுகிற பெட்டி. குறடு வரிசைக்கு நடுவே நாலு சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆவி பறக்கப் படுத்திருந்தது.

"நூத்தி இருபத்தொண்ணு. பதினஞ்சே நிமிஷம். சும்மா சாப்பிடுங்கண்ணே, வெண்ணெய் மாதிரி இருக்கும்."

வேலை போகவில்லை. கோட்டு இரண்டு நாள் வெயிலில் கிடந்து வெளுத்தது. இப்போது டாக்டரும் அவரும் வாரத்துக்கு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒரு மாதமாகக் குத்துகிறது. பஸ் ஏறி வேறு டாக்டரிடம் போனாள். போனவள் நாற்காலியில் உட்காரவில்லை. முதலில் அங்கே இருந்த நீராவிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள்.

சிரிக்கிறீர்கள். நம் வீட்டில் அந்த மாதிரிக் கிறுக்கு யாரும் இல்லை என்கிறீர்கள். சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் தொண்ணூறு பத்தாது என்று அந்த டாக்டர் சொன்னாரே, அப்போது உங்கள் மெஷின் எத்தனை வரைக்கும் போகும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே, அது எதற்கு?